கொடைத்தளத்தின் வலி: இடுப்பென்பு ஒட்டு பற்றிய ஒரு சமூக நோக்கு

ஒன்றுசேர மறுக்கும் முறிவைச் சேர்க்கவும், நோயினாலோ விபத்தினாலோ இழந்த தாடையை மீளக் கட்டவும், பிறவியிலேயே பிளவுபட்ட முரசை நிரப்பவும் நோயாளியின் இடுப்பென்பில் ஒரு பகுதியை எடுத்து ஒட்டுதல் சத்திரசிகிச்சையில் நிலைபெற்ற முறையாகும். என்பு எடுக்கப்படும் இடத்தை மருத்துவர் ‘கொடைத்தளம்’ என்னும் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். கொடுப்பவரும் பெறுபவரும் இங்கு ஒருவரே. ஆயின், கொடுத்த இடத்துக்கு நேர்வது யாது என்ற வினா நெடுங்காலம் பின்தள்ளப்பட்டே வந்தது. அவ்வினா எவரால், எந்நோக்குடன் எழுப்பப்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடுப்பிற் கைவைத்து நிற்கையில் உள்ளங்கைக்குத் தட்டுப்படும் விளிம்பே இவ்வென்பாகும். அது தோலுக்கு அண்மையிலுள்ளது; அதன் உட்பகுதி பஞ்சுபோன்றது; உயிருள்ள கலங்கள் நிறைந்தது. சொந்த உடலின் பகுதியாதலால் உடல் அதனை நிராகரிப்பதில்லை. எனினும் எடுப்பதில் இடர்கள் உள. முன்புறத்தே எடுக்குமிடத்துத் தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பு ஊறுபட்டால் விறைப்பும் எரிவும் தோன்றும். முன்முனைக்கு மிக அருகே வெட்டினால் தசைகளின் இழுப்பால் அம்முனை முறியக்கூடும். பின்புறத்தே பிட்டத்துத் தோல் நரம்புகளும், ஆழத்திற் பிட்ட நாடியும் ஊறுபடலாம். தொற்று, குருதிக்கட்டு, அரிதாகக் குடலிறக்கம் என்பனவும் நேர்வதுண்டு. இவை யாவற்றினும் பெரிதும் காணப்படுவது நாட்பட்ட வலியே.

1989இல் யங்கர், சாப்மன் ஆகியோர் 243 ஒட்டுக்களை ஆராய்ந்து, பாரிய சிக்கல்கள் 8.6 வீதம், சிறியவை 20.6 வீதம் எனக் கண்டனர். 1996இல் அரிங்டன் குழுவினர் 414 நோயாளரிடையே பாரியவை 5.8 வீதம், சிறியவை 10 வீதம் என்றனர். சிறியவற்றின் கணக்கு ஏறத்தாழ இருமடங்கு வேறுபடுவது சிந்திக்கத்தக்கது. எது சிறியது என்பதை வரையறுப்பவர் நோயாளி அல்லர். கொழுந்துக் கூடையுடன் மலைச்சரிவில் ஏறி இறங்கும் தொழிலாளிக்கும், அக்குறணையில் நாள் முழுதும் கடையில் நின்று வேலை செய்பவருக்கும் இடுப்புவலி அன்றாட உழைப்பையே பாதிப்பது. ஆய்வேட்டிற் ‘சிறியது’ எனப் பதிவாவது அவர்களது வாழ்விற் கூலியிழப்பாக மாறுகின்றது.

இவ்வலியை உரத்த குரலிற் பேசியது சந்தையே. என்பு வளர்ச்சியைத் தூண்டும் ஆற்றல் என்பிலேயே உண்டென 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அவ்வழியிற் பிறந்த புரதமொன்றை மெட்ரோனிக் நிறுவனம் முதுகென்புச் சத்திரசிகிச்சைக்கென விற்பதற்கு ஐக்கிய அமெரிக்கா 2002இல் அனுமதியளித்தது. இடுப்பை வெட்டும் வலியைத் தவிர்க்கலாம் என்பதே விற்பனையின் முதன்மை வாதம். நிறுவனத்தின் ஆதரவுடன் வெளிவந்த 13 கட்டுரைகள், 780 நோயாளரிடையே அப்புரதத்தால் தீங்கேதும் நேரவில்லை என்றன. 2011இல் கராஜி முதலியோர் அவற்றை மீளாய்ந்து, தீங்குகள் மறைக்கப்பட்டதையும் இடுப்பென்பு எடுத்தலின் துன்பம் மிகைப்படுத்தப்பட்டதையும் எடுத்துக்காட்டினர். 1996 முதல் 2010 வரை நிறுவனம் அக்கட்டுரையாசிரியர்களுக்கு ஏறத்தாழ 210 மில்லியன் டொலர் வழங்கியதை 2012இல் அமெரிக்க செனற் நிதிக்குழு வெளிப்படுத்தியது. கணக்கில் எடுக்கப்படாதிருந்த வலி, பண்டமொன்றை விற்க வேண்டியபோது மட்டும் மிகையாகக் கணக்கிடப்பட்டது. இரு நிலைகளிலும் நோயாளியின் குரல் அவருக்குரியதாக இருக்கவில்லை.

இவ்விரண்டிலும் வேறானதொரு வழி நம் நாட்டில் உண்டு. ஹட்சன் சில்வா 1961இல் கண்தான சங்கத்தை நிறுவினார். மனித இழையங்களை மாற்றிப் பொருத்துவதற்கான 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் இத்தகைய முயற்சிகளுக்குச் சட்ட அடிப்படை தந்தது. 1996இல் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் உதவியுடன் மனித இழைய வங்கி உருவாயிற்று. இறந்தோர் தந்த என்பு அங்கு கதிர்வீச்சாற் கிருமிநீக்கம் செய்யப்படுகின்றது. ‘கொடை’ என்ற சொல் இங்குதான் தன் முழுப்பொருளைப் பெறுகின்றது. ஆயினும் அவ்வென்பில் உயிருள்ள கலங்கள் இல்லை. ஆகவே சொந்த இடுப்பென்பின் தேவை முற்றாக நீங்கிவிடாது.

அத்தேவை உள்ளவரை செய்யத்தக்கவை சில. அக்குறணையிலிருந்து கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ பேராதனைக்கோ செல்லும் நோயாளிக்கு, இரண்டாவது காயம் ஒன்று உண்டாகும் என்பது சம்மதப் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் அவர்தம் மொழியிற் சொல்லப்பட வேண்டும். ஆறு வாரத்திலும் ஓராண்டிலும், வெட்டிய மருத்துவரல்லாத ஒருவர் அவ்விடத்தின் வலி பற்றிக் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும். அரச வைத்தியசாலையிற் கட்டணம் இல்லை என்பது நாம் பேணவேண்டிய பேறு. ஆனால் கட்டணமில்லாத சிகிச்சைக்கும் உழைப்பவர் தம் உடலால் ஒரு விலை கொடுக்கின்றார். அதனைக் கணக்கிலெடுப்பது பொதுமருத்துவத்தின் கடமையாகும்.