முப்பதாம் நாளில் வெற்றி, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு?

ஒரு சிகிச்சை வெற்றியா தோல்வியா என்பதை எந்த நாளில் கணக்குப் பார்த்துச் சொல்வது? நோயாளி நடந்து வீட்டுக்குப் போகும் நாளிலா, ஒரு மாதம் கழித்தா, பத்தாண்டுகள் கழித்தா? வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு, வயிற்றைத் திறக்காமல் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் செலுத்திச் செய்யும் சிகிச்சையைப் பொறுத்தவரை, கேட்கும் நாளைப் பொறுத்து விடை மாறுகிறது. முதல் மாதத்தில் அது திறந்த அறுவை சிகிச்சையைத் தெளிவாக வெல்கிறது. எட்டு ஆண்டுகளைத் தாண்டியதும் நிலைமை தலைகீழாகிறது. இந்த இரண்டாம் பாதியை நம் நோயாளிகளுக்கு யாராவது எடுத்துச் சொல்கிறார்களா என்பதே என் கவலை.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி மார்பைக் கடந்து வயிற்றுக்குள் இறங்கி, தொப்புளுக்கு அருகே இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் சுமார் 2 செ.மீ. சுவர் நலிந்து 3 செ.மீ.க்கோ அதற்கு மேலோ விரிந்துவிட்டால் அதை ‘அனியூரிசம்’ என்கிறார்கள். பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அப்படித்தான். பெரும்பாலும் வலி இருக்காது, அறிகுறியும் இருக்காது. சிறுநீரகக் கல்லுக்கோ புராஸ்டேட் தொல்லைக்கோ ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில் தற்செயலாகத் தெரியவருவதே அதிகம். வெடித்துவிட்டால், மருத்துவமனைக்கு வந்து சேராமலே இறப்பவர்களையும் சேர்த்துப் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் பிழைப்பதில்லை. புகைபிடிப்பவர்கள், 65 வயதைத் தாண்டிய ஆண்கள், அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்தவர்கள் ஆகியோருக்கே ஆபத்து அதிகம். இவற்றில் நம் கையில் இருப்பது புகை ஒன்றுதான்.

கண்டுபிடித்த உடனே கத்தியை எடுக்க வேண்டியதில்லை. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், வீக்கம் 5.5 செ.மீ. ஆகும்வரை ஸ்கேன் எடுத்துக் கண்காணித்து வருவதே போதும், முன்கூட்டியே அறுவை சிகிச்சை செய்வதால் ஆயுள் கூடுவதில்லை என்று காட்டின. பெண்களுக்குச் சிறிய அளவிலேயே வெடிக்கும் அபாயம் கூடுவதால் 5 செ.மீ.யிலேயே யோசிக்கலாம் என்கிறார்கள். ‘ஸ்டென்ட்தானே, சிறிதாக இருக்கும்போதே வைத்துவிடலாமே’ என்ற எண்ணமும் பின்னர் தனியாகச் சோதிக்கப்பட்டது. அதிலும் பலன் கிடைக்கவில்லை.

வழி பிறந்த கதை

திறந்த அறுவை சிகிச்சைக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1948இல் ஆல்பர்ட் ஐன்ஸ்டைனின் வயிற்றைத் திறந்த ருடால்ஃப் நிசன், வீங்கிய தமனியைச் செலோபேன் தாளால் சுற்றி வைத்தார். அன்றைக்கு இருந்த வழிகளில் அது ஒன்று. 1955இல் வீக்கம் வெடித்தபோது மறு அறுவை சிகிச்சை வேண்டாமென்று ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். அதற்கு முன்பே, 1951இல் பாரிஸில் சார்ல் டியுபோஸ்ட், வீங்கிய பகுதியையே வெட்டியெடுத்து, இறந்தவர் உடலிலிருந்து பெற்ற தமனியைப் பொருத்திக் காட்டியிருந்தார். பிறகு செயற்கை இழைக் குழாய்கள் வந்தன. இன்றும் திறந்த முறையின் அடிப்படை அதுதான்: வீங்கிய இடத்தைத் திறந்து, மேலும் கீழும் நல்ல தமனியோடு துணிக்குழாயைத் தைத்துவிடுவது.

தைக்காமலே உள்ளிருந்து அடைக்கலாம் என்று காட்டியவர் அர்ஜென்டினாவின் ஹுவான் பரோடி. 1990 செப்டம்பரில் புவனோஸ் ஐரிஸில் அவர் செய்த சிகிச்சைதான் வயிற்றுப் பெருந்தமனிக்கு முதலாவது. ஆனால் இன்னொரு பெயரையும் சொல்லியாக வேண்டும். 1987இலேயே அன்றைய சோவியத் உக்ரைனின் கார்கிவ் நகரில் நிகோலாய் வொலோதோஸ் மார்புப் பெருந்தமனிக்குள் இப்படியொரு குழாயைப் பொருத்தியிருந்தார். மேற்குலகம் அதை அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது செய்யப்படும் முறை இது. பாலியெஸ்டர் அல்லது டெஃப்லான் வகைத் துணிக்குழாயை நிட்டினால் போன்ற உலோகச் சட்டத்தோடு சேர்த்து மெல்லிய உறைக்குள் சுருக்கி வைத்திருப்பார்கள். தொடை இடுக்குத் தமனி வழியாக அதை மேலே செலுத்தி, எக்ஸ்-ரே திரையைப் பார்த்தபடி சிறுநீரகத் தமனிகளுக்குச் சற்றுக் கீழே நிறுத்தி உறையை விலக்கினால் அது விரிந்து சுவரைப் பற்றிக்கொள்ளும். கால்சட்டை வடிவத்தில் இருக்கும் அதன் இரண்டாவது காலை மறுபக்கத் தொடை வழியாகக் கொண்டுவந்து இணைப்பார்கள். ரத்தம் இனி துணிக்குழாய்க்குள் ஓடும். வீங்கிய சுவர் மீது அழுத்தம் விழாது. நோயாளி சில நாட்களில் வீடு திரும்பிவிடுவார். திறந்த முறையில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம், பழைய தெம்பு திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும்.

எண்கள் சொல்வது

எது நல்லது என்பதைத் தீர்த்துக்கொள்ள பிரிட்டனில் 1999இல் தொடங்கிய ‘ஈவார்-1’ ஆய்வு இத்துறையில் மிகவும் முக்கியமானது. 5.5 செ.மீ.க்கு மேல் வீக்கமுள்ள, 60 வயது கடந்த, இரண்டு சிகிச்சைகளையும் தாங்கக்கூடிய 1,252 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட் பிரிவில் 1.8 சதவீதம், திறந்த அறுவையில் 4.3 சதவீதம். நெதர்லாந்தின் ‘ட்ரீம்’ ஆய்விலும் இதே போக்கு: 1.2க்கு எதிராக 4.6. உலகெங்கும் மருத்துவர்கள் ஸ்டென்ட் பக்கம் சாய்ந்ததற்கு இந்த எண்களே காரணம். அதில் தவறும் இல்லை. மயக்க ஊசி போட்டுக்கொண்டு மேசையில் படுக்கப்போகும் ஒருவருக்கு இதைவிட முக்கியமான எண் வேறேது?

ஆனால் இரண்டே ஆண்டுகளில் அந்த முன்னிலை கரையத் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளுக்குப் பிறகு இரு பிரிவிலும் உயிரோடு இருந்தவர்களின் விகிதம் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டது. இந்நோயாளிகள் வயதானவர்கள், மாரடைப்பும் புற்றுநோயும் இரு பக்கமும் ஒரே மாதிரி கொண்டுபோயின. இதோடு முடிந்திருந்தால் ‘ஆரம்ப ஆபத்து குறைவு, பின்னால் சமம்’ என்று நிம்மதியாக எழுதிவிடலாம். அப்படி முடியவில்லை.

2016இல் லான்செட் இதழில் ஈவார்-1 ஆய்வின் பதினைந்து ஆண்டு முடிவுகள் வந்தன. மொத்தக் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால் இறப்பில் பெரிய வேறுபாடில்லை. எட்டு ஆண்டுகளுக்குப் பிந்தைய காலத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, அனியூரிசம் தொடர்பான மரணம் ஸ்டென்ட் வைத்தவர்களிடம் கிட்டத்தட்ட ஆறு மடங்கு அதிகமாக இருந்தது. பெரும்பாலும் காரணம் ஒன்றே: அடைத்துவிட்டதாக நினைத்த பழைய வீக்கம் பின்னாளில் வெடித்தது. மறு சிகிச்சை தேவைப்பட்டதும் அதிகம். நூறு பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால் ஸ்டென்ட் பிரிவில் 4.1, திறந்த பிரிவில் 1.7.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் 881 பேரிடம் நடந்த ‘ஓவர்’ ஆய்வு இவ்வளவு இருண்ட படத்தைத் தரவில்லை. 2019இல் வெளிவந்த அதன் நீண்டகால முடிவுகளில் ஆயுள் இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது. மறு சிகிச்சை ஸ்டென்ட் பிரிவில் 26.7 சதவீதம், திறந்த பிரிவில் 19.8 சதவீதம். இடைவெளி குறைந்ததற்கு ஒரு காரணம், திறந்த அறுவையின் தழும்பில் பின்னாளில் வரும் குடலிறக்கம் போன்ற தொல்லைகளையும் அவர்கள் கணக்கில் சேர்த்ததுதான். எதை எண்ணுகிறோம் என்பதும் முடிவை மாற்றும். அதனால் ஒரே ஆய்வை வைத்து ஸ்டென்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

ஏன் தவறுகிறது?

திறந்த அறுவையில் குழாய் தைக்கப்படுகிறது. ஸ்டென்டோ தன் விரியும் விசையாலும் சிறு கொக்கிகளாலும் மட்டுமே நோயுற்ற தமனிக்குள் நிலைகொண்டிருக்கிறது. தமனியின் நோய் அதோடு நின்றுவிடுவதில்லை. அது பற்றிப்பிடித்திருக்கும், வீக்கத்துக்குச் சற்று மேலுள்ள ‘கழுத்து’ப் பகுதி ஆண்டுகள் செல்லச் செல்ல விரியலாம், குழாய் கீழே நழுவலாம், இணைத்த துண்டுகள் பிரியலாம், துணி கிழியலாம். இவற்றால் ரத்தம் மறுபடி வீங்கிய பழைய பைக்குள் பாய்வதை ‘எண்டோலீக்’ என்கிறார்கள். எல்லாக் கசிவும் ஒன்றல்ல. மேல் முனையிலோ கீழ் முனையிலோ விளிம்போரம் கசிந்தாலும், துணி கிழிந்தோ இணைப்பு விலகியோ கசிந்தாலும் முழு அழுத்தமும் பைக்குள் நேராகப் பாய்கிறது. தாமதமின்றிச் சரிசெய்ய வேண்டும். இடுப்புப் பகுதியின் சிறு கிளைத் தமனிகள் வழியே பின்னோக்கி வரும் கசிவுதான் அதிகம் காணப்படுவது. அது பெரும்பாலும் தானே அடைபடும், பை பெரிதாகாதவரை பார்த்துக்கொண்டிருக்கலாம். சுருங்கிவரும் பை நல்ல செய்தி. கசிவு எதுவும் கண்ணில் படாவிட்டாலும் பை வளர்கிறது என்றால் அது எச்சரிக்கை.

எந்த நோயாளிக்கு ஸ்டென்ட் நிலைக்கும் என்பதையும் பெரும்பாலும் இந்தக் கழுத்தே தீர்மானிக்கிறது. சிறுநீரகத் தமனிக்குக் கீழே ஒன்று, ஒன்றரை செ.மீ. அளவுக்காவது நல்ல தமனி வேண்டும். அதிகம் வளைந்திருக்கக் கூடாது, கூம்பாக விரிந்திருக்கவும் கூடாது. தயாரிப்பாளர் வகுத்த இந்த வரம்புகளை மீறிப் பொருத்திவிட்டு, முதல் மாதம் நன்றாக இருக்கிறது என்று திருப்திப்படுவது ஆபத்தானது. கழுத்து குட்டையாக இருப்பவர்களுக்குச் சிறுநீரகத் தமனிகளுக்கென்றே துளை வைத்த சிறப்பு ஸ்டென்ட்கள் உண்டு. விலையும் சிக்கலும் அதிகம்.

ஈவார்-1 பயன்படுத்தியவை பழைய தலைமுறைக் கருவிகள், இன்றைய கருவிகள் மேலானவை என்று ஒரு வாதம் உண்டு. ஓரளவு உண்மைதான். ஆனால் புதியது என்பதாலேயே நம்பிவிட முடியாது என்பதற்கு ‘நெல்லிக்ஸ்’ சாட்சி. வீங்கிய பையைப் பாலிமர் நிரப்பிய பைகளால் அடைத்துவிட்டால் கசிவுக்கே இடமிருக்காது என்ற அழகான யோசனையோடு வந்த கருவி அது. ஆரம்ப முடிவுகளும் அழகாகவே இருந்தன. சில ஆண்டுகளில் அது நழுவுவதும் கசிவதும் அதிகமாகத் தெரியவர, 2019இல் விற்பனை நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்களைக் கூடுதலாகக் கண்காணிக்கும்படி பிரிட்டனின் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது.

யாருக்கு எது?

பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வரைவு, வெடிக்காத வீக்கத்துக்கு ஸ்டென்ட் முறையை அநேகமாகக் கைவிடச் சொன்னது. ரத்தநாள அறுவை நிபுணர்களிடம் பெரும் எதிர்ப்பு. 2020இல் வந்த இறுதி வழிகாட்டுதல் சற்று இறங்கிவந்தது: உடல் தாங்குமானால் திறந்த அறுவையை முன்வையுங்கள், தாங்காதென்றால் ஸ்டென்டைப் பரிசீலியுங்கள். ஐரோப்பிய ரத்தநாள அறுவை நிபுணர்கள் சங்கமோ, தமனியின் அமைப்பு பொருந்துகிற பெரும்பாலோருக்கு ஸ்டென்டே முதல் தேர்வு, நீண்ட ஆயுள் எதிர்பார்க்கக்கூடியவர்களுக்கு மட்டும் திறந்த முறை என்கிறது. ஒரே ஆய்வுகளைப் படித்தவர்கள்தான் இரு தரப்பும். என் வாசிப்பில் ஐரோப்பியரின் நிலைப்பாடு நோயாளியின் வயதுக்கு உரிய இடம் தருகிறது. 80 வயதுக்காரருக்கு எட்டாம் ஆண்டுக் கணக்கைவிட முதல் மாதக் கணக்கு பெரிது. 62 வயதில் மற்றபடி திடமாக இருப்பவருக்கு அப்படியல்ல.

திறந்த அறுவையைத் தாங்கவே முடியாத அளவுக்கு இதயமும் நுரையீரலும் நலிந்தவர்களின் நிலை வேறு. அவர்களை வைத்து நடந்த ‘ஈவார்-2’ ஆய்வில், ஸ்டென்ட் வைத்தவர்கள் எதுவும் செய்யாமல் விடப்பட்டவர்களைவிட அதிக காலம் வாழ்ந்துவிடவில்லை. வீக்கத்தால் சாவது குறைந்தது. மற்ற நோய்களால் செத்தார்கள். ‘எதுவும் செய்ய வேண்டாம்’ என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது கைவிடுதல் அல்ல என்பதைக் குடும்பத்தார் புரிந்துகொள்ள இந்த ஆய்வு உதவும்.

வெடித்த பிறகு? 613 பேரை வைத்து பிரிட்டன் தலைமையில் நடந்த ‘இம்ப்ரூவ்’ ஆய்வில் முப்பது நாள் இறப்பு இரு முறையிலும் ஏறக்குறைய சமம்: ஸ்டென்ட் பிரிவில் 35.4 சதவீதம், திறந்த பிரிவில் 37.4 சதவீதம். மூன்று ஆண்டுகள் கழித்து ஸ்டென்ட் உத்தியைப் பின்பற்றிய பிரிவே முந்தியிருந்தது. பெண்களுக்குக் கூடுதல் பலன் தெரிந்தது. பெரிய ஆய்வுகளில் பெரும்பாலோர் ஆண்களாகவே இருந்திருக்கிறார்கள் என்பதால், பெண்களைப் பற்றி இன்னும் அழுத்தமான சான்றுகள் வேண்டும்.

பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை அழைத்து வயிற்றில் ஒரே ஒரு அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்க்கிறார்கள். அதற்கு வித்திட்ட ஆய்வில் இந்நோயால் வரும் இறப்பு 42 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் அப்படியொரு தேசியத் திட்டம் இல்லை. ஆகவே இங்கே பொறுப்பு நம்மிடமே வருகிறது. 65 கடந்த, புகைபிடித்த வரலாறு உள்ள ஆண் உங்கள் வீட்டில் இருந்தால், அடுத்த முறை எதற்காவது வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது பெருந்தமனியின் அளவையும் குறித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். வழக்கமாக முதல் மாதத்தில் ஒரு சி.டி. ஸ்கேன், பிறகு ஆண்டுதோறும் ஸ்கேன். பை சுருங்கிவந்தால் அல்ட்ராசவுண்டே போதும் என்று மருத்துவர் சொல்லக்கூடும். கதிர்வீச்சும் சிறுநீரகத்துக்கான சுமையும் அதனால் குறையும். பொருத்தப்பட்ட கருவியின் பெயரும் அளவும் குறித்த அட்டையையும் பழைய ஸ்கேன் அறிக்கைகளையும் ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் மாறலாம், ஊர் மாறலாம், நோயாளிக்கு ஒரு குறையும் தெரியாமல் இருக்கலாம். அப்போதும் ஆண்டு ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். வீடு திரும்பும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ‘அடுத்த ஸ்கேன் எந்தத் தேதியில், அதில் பையின் அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?’ விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.