பின் எடுக்க நல்ல நாள் எது?

ஆபீஸ் ஃபைலில் இருக்கிற ஸ்டேப்ளர் பின்னைப் பிடுங்க நமக்கு நகமே போதும். அதே மாதிரி பின்னை மனைவியின் வயிற்றில் வரிசையாகப் பார்க்கும்போதுதான் ஐயாவுக்கு வியர்த்துக் கொட்டுகிறது!

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். ஆகவே கல்யாணமான, ஆகப்போகிற வாலிபர்களே, கொஞ்சம் கவனியுங்கள்.

'பின்னை எடுத்தா வயிறு பிளந்துக்குமோ?' என்ற பயம் வேண்டாம். கர்ப்பப்பைக்கும் வயிற்றுச் சுவருக்கும் உள்ளே தனித்தனித் தையல் உண்டு. பின் பிடித்திருப்பது மேல்தோலை மட்டும்தான்.

அடிவயிற்றில் குறுக்குக் கீறல் என்றால் பெரும்பாலும் 4 முதல் 7 நாளில் எடுப்பார்கள். நெடுக்குக் கீறல் என்றால் இழுவை அதிகம். 7 முதல் 10 நாள் ஆகும். உடல் பருமனோ, சர்க்கரையோ இருந்தால் டாக்டர் இன்னும் தள்ளிப் போடலாம்.

பி.காம். பாஷையில் சொன்னால், இது ஃபிக்சட் டெபாசிட். முதிர்வதற்கு முன்னால் உடைத்தால் புண் வாய் பிளக்கலாம். முதிர்ந்த பிறகும் விட்டு வைத்தால் கூடுதல் வட்டி கிடையாது. ரயில் தண்டவாளம் மாதிரி தழும்புதான் மிச்சம்.

எங்கள் வீட்டில் டாக்டர் குறித்த நாள் வியாழன். "அன்னிக்கு அஷ்டமி மாப்ளே, மறுநாள் நவமி. ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாமே" என்றார் மாமியார். "எனக்கு வியாழன் லீவு கிடையாது அத்தான், புதன்கிழமையே முடிச்சிடலாம்" என்றான் கார் ஓட்ட வேண்டிய மச்சினன். படுத்திருந்தவள் சொன்னாள்: "வயிறு என்னுது. வியாழக்கிழமைதான். ஆட்டோ பிடிங்க!"

போனோம். சிஸ்டர் முதலில் ஒன்று விட்டு ஒன்றாக எடுத்தார். புண் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியையும் எடுத்து, குறுக்கே பேப்பர் டேப் ஒட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'சுருக்'. அவ்வளவுதான்.

பின் போய்விட்டது என்பதற்காகக் குடத்தைத் தூக்கச் சொல்லாதீர்கள். ஒரு வாரத்தில் புண்ணுக்கு வருவது பழைய பலத்தில் பத்தில் ஒரு பங்குதான். மூன்று மாதம் கழித்தும் முழுசாக வருவதில்லை. குழந்தையைவிடக் கனமான எதையும் சில வாரம் நீங்களே தூக்குங்கள். காய்ச்சல், சீழ், நாற்றம், சிவந்து வீங்குவது, புண் பிரிவது... இதில் ஒன்று தெரிந்தாலும் 'நாளைக்குப் பாக்கலாம்' கூடாது. உடனே ஆஸ்பத்திரி!

கடைசியாக ஒன்று. மத்திய அரசு ஊழியருக்கு அப்பா ஆனால் 15 நாள் லீவு உண்டு. தனியார் கம்பெனியில் அது முதலாளி மனசு. எப்படியானாலும் எல்லா லீவையும் லேபர் வார்டு வாசலிலேயே தீர்த்துவிடாதீர்கள். பின் எடுக்கிற நாளுக்கு ஒன்று மிச்சம் இருக்கட்டும்.