பூதேவா... பொதியாவா?

கொடைக்கானலுக்கு ஐ.வி. போயிருக்கீங்களா பாஸ்? அதாங்க, இண்டஸ்ட்ரியல் விசிட். இண்டஸ்ட்ரியைத் தவிர மத்த எல்லாத்தையும் விசிட் பண்ணுவோமே, அதேதான்! எங்க பஸ் தூண் பாறைக்குப் போய்ச் சேர்ந்தப்போ அங்கே பாறையைக் காணோம். சுமார் 400 அடி உயரத்துக்கு மூணு பாறை நிக்கணும். நின்னது பனிமூட்டம் மட்டும்தான். அரை மணி நேரம் பார்த்துட்டு, சோளக்கதிரைக் கடிச்சுக்கிட்டே பஸ் ஏறிட்டோம்.

திரும்பி வந்த வாரமே ஸ்பானிஷ் டெஸ்ட். (இன்ஜினீயரிங்ல அதுதான் என் எலெக்டிவ். சிரிக்காதீங்க!) ‘டூரில் பார்க்க முடியாமல் போன ஓர் இடம் பற்றி ஒரு வரி எழுதுக’ன்னு கேள்வி. ‘நோ பொதியா வெர்’னு கெத்தா எழுதினேன். பல்பு! “பார்க்க முடியாம இருந்துச்சு, சரி. அப்புறம் என்ன ஆச்சு? கதையைப் பாதியிலேயே விட்டுட்டியே”ன்னாங்க மிஸ்.

மேட்டர் இதுதான். ஸ்பானிஷ்ல ‘முடியும்’ங்கிறதுக்கு வினைச்சொல் ‘பொதேர்’. அதுக்கு இறந்தகாலம் ரெண்டு. ஒண்ணு ‘பொதியா’. அப்போ அந்தத் திறமையோ வாய்ப்போ இருந்துச்சு, அவ்வளவுதான். செஞ்சோமா இல்லையான்னு சொல்லாது. இன்னொண்ணு ‘பூதே’. அந்த ஒரு தடவை முயற்சி பண்ணி முடிச்சே காட்டினேன்னு அர்த்தம். முன்னால ‘நோ’ போட்டா, முயற்சி பண்ணினேன், நடக்கலை. ஆட்டம் க்ளோஸ்.

‘பொதியா’ சமர்த்துப் பிள்ளை, விதிப்படி நடக்கும். ‘பூதே’தான் அடங்காதது. ‘பொத்’ங்கிற வேரையே ‘பூத்’னு மாத்திடும். நான்னா பூதே, நீன்னா பூதிஸ்தே, அவர்னா பூதோ, நாங்கன்னா பூதிமோஸ், அவங்கன்னா பூதியேரோன். நமக்கு ஒரு சலுகை, நடுவுல வர்ற ‘த’வை ‘அது’ல வர்ற ‘த’ மாதிரியே சொன்னாப் போதும்.

கொடைக்கானலை வெச்சே பார்ப்போம். ஜான் எவர்ஷெட் 1907-ல் இங்கே இருக்கிற சூரிய ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். வானம் தெளிவா இருக்கிற நாள்ல அவரால சூரியனை ஆராய முடியும். இது பொதியா. 1909 ஜனவரியில், சூரியப் புள்ளிகள்ல வாயு நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா ஓடுறதைக் கண்டுபிடிச்சார். இன்னிக்கும் அதுக்கு ‘எவர்ஷெட் விளைவு’ன்னுதான் பேர். அன்னிக்கு அவரால முடிஞ்சது. இது பூதோ! 1914-ல் லாஸ் காட் சாலை போடறதுக்கு முன்னால மலைக்கு நடந்தோ, குதிரையிலோ, டோலியிலோதான் போக முடியும். மறுபடி பொதியா. 2018-ல் குறிஞ்சி பூத்தப்போ போய்ப் பார்த்தவங்க, ‘பூதே’ன்னு காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

கவனிச்சீங்களா? நம்ம தமிழ்லயே இந்த வித்தியாசம் ஒளிஞ்சிருக்கு. “சின்ன வயசுல ஒரே மூச்சுல பழனிப் படி ஏற முடியும்”னு தாத்தா சொல்றது பொதியா. “போன தைப்பூசத்துக்கு ஏற முடிஞ்சது”ன்னா பூதே. ‘முடியாம இருந்துச்சு’ன்னா நோ பொதியா. ‘முடியாம போச்சு’ன்னா நோ பூதே. தமிழ்ல சொல்லிப் பார்த்துட்டு ஸ்பானிஷ்ல எழுதுங்க, மார்க் போகாது.

இதுல மார்க்கை விட எனக்கு உறைச்சது வேற. முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பர்ல எனக்கு அரியர். ரெண்டு தடவை எழுதியும் போச்சு. அதுலேர்ந்து வீட்டுலயும் ஹாஸ்டல்லயும் ஒரே டயலாக்: “எனக்குக் கணக்கு வராது.” ஏதோ பிறவிக் குறை மாதிரி! ஆனா நிஜமா நடந்தது என்ன? ரெண்டு தடவை, ரெண்டு காலை நேரம், மூணு மூணு மணி நேரம், முடியாம போச்சு. நோ பூதே. அதைப் போய் எனக்கே ஒரு குணமா மாத்திக்கிட்டேனே! அங்கேயும் இலக்கணப் பிழை.

வர்ற செமஸ்டர்ல மறுபடி எழுதறேன். பாஸா, ஃபெயிலா, தெரியாது. ஆனா ‘வராது’ன்னு சொல்றதை நிறுத்திட்டேன்.

தூண் பாறையும் அப்படித்தான். எங்களால அன்னிக்குப் பார்க்க முடியலை. பனிக்குப் பின்னால மூணு பாறையும் நின்னுக்கிட்டேதான் இருந்திருக்கும்.