பிக்கப் வண்டியை தூக்கி கட்டுறீங்களா? உயரம் ஏறும்... பலம் ஏறாது!

திண்டுக்கல்:

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு காய்கறி, அய்யலூரில் இருந்து தக்காளி, நிலக்கோட்டையில் இருந்து பூ என திண்டுக்கல் மாவட்டத்தில் விளைகிற சரக்கு பெரும்பாலும் பிக்கப் வண்டி ஏறித்தான் ஊர் போய்ச் சேருகிறது. தோட்டத்து செம்மண் பாதை, பழனி ரோடு, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவு எல்லாவற்றுக்கும் அதே வண்டிதான்.

இப்படி லோடு அடிக்கிற வண்டி சில வருடத்தில் 'உட்கார்ந்து' விடுகிறது. பள்ளத்தில் இறங்கினால் அடி தட்டுகிறது. உடனே டிரைவர்கள் பட்டறைக்கு போய், "அண்ணே, கொஞ்சம் தூக்கி விடுங்க" என்கிறார்கள். இன்னொரு பக்கம், பார்க்க கெத்தாக இருக்க வேண்டும் என்று பெரிய டயர் மாட்டி வண்டியை உயர்த்துகிற இளைஞர்களும் உண்டு.

இரண்டு பேருமே தெரிந்து கொள்ள வேண்டிய விஷயம் ஒன்றுதான். வண்டியை உயர்த்தினால் உயரம் மட்டும்தான் ஏறும். அது தாங்குகிற எடை ஏறாது. இது புரியாமல் கை வைத்தால் டயர், பிரேக், பர்ஸ் மூன்றும் காலி. சில நேரம் உயிருக்கே ஆபத்து.

இரண்டு வகை ஸ்பிரிங்

'குட்டி யானை' என்று நாம் கூப்பிடுகிற டாடா ஏஸ் 2005-ம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ல் வந்தது. இந்த மாதிரி லோடு வண்டிகளில் முன்னும் பின்னும் ஸ்பிரிங் பட்டைதான். பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, யூ போல்ட் போட்டு ஆக்சிலோடு கட்டியிருப்பார்கள்.

2016-ல் வந்த இசுசு வி-கிராஸ், 2022-ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பின்னால் பட்டை, முன்னால் சுருள் ஸ்பிரிங். ஷாக் அப்சார்பர் நடுவில் இருக்க, அதைச் சுற்றி ஸ்பிரிங் இருக்கும். இதைத்தான் 'காயில் ஓவர்' என்கிறார்கள்.

கம்பெனியில் இருந்து வருகிற காயில் ஓவரில் உயரத்தை மாற்ற முடியாது. வெளிச்சந்தையில் கிடைக்கிற சில செட்களில் ஷாக் அப்சார்பரின் உடம்பில் மரை வெட்டி, அதில் ஒரு ரிங் மாட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் அந்த ரிங் மேல்தான் உட்காரும். ரிங்கை மேலே திருகினால் வண்டி உயரும். கீழே இறக்கினால் தாழும். ரிங் நகராமல் இருக்க அடியில் இன்னொரு லாக் ரிங் உண்டு.

கட்டிலும் செங்கல்லும்

கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்தால் என்ன ஆகும்? கட்டில் உயரும். ஆனால் கட்டில் சட்டம் தாங்குகிற எடை ஒரு கிலோ கூட கூடாது. ரிங்கை திருகுவதும் அப்படித்தான். ஸ்பிரிங் உட்காருகிற இடம்தான் மாறுகிறது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான்.

லோடு வண்டியில் கூடுதலாக ஒரு பட்டை போடுவது கொஞ்சம் வேறு. அதில் ஸ்பிரிங் நிஜமாகவே கெட்டியாகும். ஆனால் ஆக்சில், சேஸிஸ், டயர், வீல் பேரிங், பிரேக் எல்லாம் பழையதுதானே? பட்டை மட்டும் தாங்கி என்ன பிரயோஜனம்? வண்டி தாழவில்லையே என்று நம்பி கூட பத்து மூட்டை ஏற்றுவதில்தான் வினையே ஆரம்பிக்கிறது.

ரிங் திருகுவது எப்படி?

காயில் ஓவர் மாட்டிய வண்டியில் இந்த வேலையை முறையாக செய்யும் விதம் இதுதான்.

முதலில் லோடு முழுவதையும் இறக்கி விட்டு, வண்டியை சமதளத்தில் நிறுத்த வேண்டும். நான்கு டயரிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். பிறகு வீலின் நடுமையத்தில் இருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, நான்கு பக்கமும் எழுதிக் கொள்ள வேண்டும். தரையில் இருந்து அளந்தால் டயர் காற்று கூடுவதும் குறைவதும் கணக்கை கெடுத்து விடும்.

பின் சக்கரத்துக்கு கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முன் பக்கம் இரண்டு சக்கரத்தையும் சேர்த்து தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் கை, தலை நீட்டக் கூடாது. சேஸிசுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் வேலை.

சக்கரத்தை கழற்றி மரையில் இருக்கிற மண்ணை பிரஷ் போட்டு தேய்த்து, எண்ணெய் விட வேண்டும். நம்ம ஊர் செம்மண் புழுதி மரையில் இறுகி இருந்தால், ரிங் திரும்பும்போது மரையே அழிந்து போகும். லாக் ரிங்கை தளர்த்தி, அதற்கென்றே உள்ள சி ஸ்பேனரால் திருக வேண்டும். சுத்தியல், உளி வைத்து தட்டக் கூடாது. காற்று கன்னும் வேண்டாம்.

இரண்டு பக்கமும் எத்தனை சுற்று என்று எண்ணி, ஒரே அளவாக திருக வேண்டும். இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஸ்பிரிங் இருப்பது சக்கரத்துக்கு நேராக இல்லை, உள்ளே தள்ளி இருக்கிறது. அதனால் ரிங் ஒரு சென்டி மீட்டர் ஏறினால் வண்டி அதைவிட அதிகமாக ஏறும். எவ்வளவு என்பது வண்டிக்கு வண்டி மாறும். எனவே கொஞ்சம் கொஞ்சமாக திருகி, அளந்து பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

லாக் ரிங்கை இறுக்கி, சக்கரம் மாட்டி, வண்டியை இறக்கியதும் அளக்கக் கூடாது. கொஞ்ச தூரம் ஓட்டி வந்தால்தான் ஸ்பிரிங் தன் இடத்தில் உட்காரும். அதன் பிறகு மறுபடி அளந்து, இடது வலது வித்தியாசம் இருந்தால் சரி செய்ய வேண்டும். சில நூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு லாக் ரிங் இறுக்கமாக இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்ப்பது நல்லது.

தொடக் கூடாத நட்

ஷாக் அப்சார்பரின் உச்சியில் ஒரு நட் இருக்கும். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும்போது அதை கழற்றினால் ஸ்பிரிங் துப்பாக்கி குண்டு மாதிரி தெறிக்கும். முகம், கை எதுவும் மிஞ்சாது. ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கிற கருவி இல்லாத பட்டறையில் இந்த வேலையை கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

தூக்கினால் கெடுவது என்ன?

முன் பக்கம் உயர்ந்ததும் சக்கரத்தின் கோணம் மாறி விடும். வீல் அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயர் ஒரு பக்கம் மட்டும் சவரம் செய்தது போல் தேயும். 'அலைன்மென்டுக்கு எதுக்கு தண்டச் செலவு' என்று நினைத்தால் இரண்டு டயர் விலை போய் விடும்.

ரொம்ப உயர்த்தினால் பால் ஜாயின்ட் எல்லை மீறி சாயும். முன் சக்கரத்துக்கும் ஓட்டம் உள்ள 4 வீல் டிரைவ் வண்டியில் ஆக்சிலின் ரப்பர் உறை கிழியும். பிரேக் ஹோஸ் இழுபடும். பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமே இல்லாமல் 'டக் டக்' என்று சத்தம் வரும். இந்த வகை வண்டிகளில் முன்னால் 2 அங்குலத்துக்கு மேல் போனாலே மற்ற பாகங்களையும் மாற்ற வேண்டி வரும்.

ஹெட்லைட்டும் மேலே பார்க்க ஆரம்பிக்கும். எதிரே டூவீலரில் வருகிறவருக்கு கண் கூசினால் அவர் கதி என்ன? வேலைக்கு முன்பே ஒரு சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தி வெளிச்சக் கோட்டை சாக்பீசால் குறித்து வைத்துக் கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் அதே இடத்தில் நிறுத்தி, லைட்டை அந்தக் கோட்டுக்கு இறக்குங்கள்.

அமெரிக்காவில் இளைஞர்கள் பிக்கப் வண்டியின் முன் பக்கத்தை மட்டும் வானம் பார்க்க தூக்கி வைத்து ஓட்டினார்கள். முன்னால் ரோடே தெரியாது. வட கரோலினா மாநிலத்தில் 2021 டிசம்பரில் இதற்கு தடை வந்தது. பின் மட்கார்டை விட முன் மட்கார்டு 4 அங்குலமோ அதற்கு மேலோ உயரும்படி மாற்றியிருந்தால் குற்றம்.

பிரேக்கை ஏமாற்றும் பட்டை

பின்னால் கூடுதல் பட்டை போடுகிறவர்களுக்கு பலர் சொல்லாத விஷயம் இது. பல பிக்கப் வண்டிகளில் பின் ஆக்சிலுக்கும் சேஸிசுக்கும் நடுவே ஒரு கம்பி, அதோடு ஒரு வால்வு இருக்கும். லோடு ஏறினால் சேஸிஸ் தாழும். அதை வைத்து 'லோடு இருக்கிறது' என்று தெரிந்து கொண்டு வால்வு பின் பிரேக்குக்கு அழுத்தத்தை கூட்டும். காலி வண்டி என்றால் குறைக்கும்.

கூடுதல் பட்டை போட்டால் லோடு ஏற்றியும் வண்டி தாழாது. வால்வு காலி வண்டி என்றே நினைத்துக் கொள்ளும். முழு லோடோடு சிறுமலையிலோ கொடைக்கானல் மலைப்பாதையிலோ இறங்கும்போது பின் பிரேக் பாதி வேலைதான் செய்யும். முன் பிரேக் மட்டும் கிடந்து சூடாகும். அதோடு வண்டி உயர்ந்த அளவுக்கு வளைவில் சாய்கிற ஆபத்தும் கூடும்.

காலியாக திரும்பும்போது வேறு தொல்லை. பட்டை கெட்டியாக இருப்பதால் பின் பக்கம் துள்ளும். மழை ஈரத்தில் பிரேக் அடித்தால் இழுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகன சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்ன விவரத்தோடு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளா வழக்கு ஒன்றில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

ஓவர்லோடுக்கு இன்னும் பெரிய அடி. ரூ.20 ஆயிரம் அபராதம், கூடுதலாக ஏற்றிய ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2 ஆயிரம். ஒரு டன் அதிகம் என்றால் ரூ.22 ஆயிரம். அதிக லோடை இறக்கும் செலவும் நம் தலையில்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பதும் இந்த மாற்றங்களைத்தான்.

அப்போ உட்கார்ந்த வண்டிக்கு என்ன வழி?

வழி இருக்கிறது. பட்டை தளர்ந்திருந்தால் அதே வண்டிக்கு கம்பெனி சொன்ன அதே வகை பட்டையை புதிதாக மாற்றுங்கள். இது ரிப்பேர். சட்டப்படி மாற்றம் ஆகாது. உடைந்த பட்டை, தேய்ந்த புஷ், தளர்ந்த யூ போல்ட், எண்ணெய் கசியும் ஷாக் அப்சார்பர் இவைகளை சரி செய்தாலே பல வண்டி பழைய உயரத்துக்கு வந்து விடும். அதற்கு மேல் உயர்த்தியே ஆக வேண்டும் என்றால், காசை கொடுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்டு விடுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம் என்பதும் உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆர்.சி. புக்கில் லோடோடு சேர்ந்த எடை, காலி வண்டி எடை இரண்டும் போட்டிருக்கும். முதலாவது 2 ஆயிரத்து 900 கிலோ, இரண்டாவது 1,700 கிலோ என்று வைத்துக் கொள்வோம். கழித்தால் 1,200 கிலோ. டிரைவர், கிளீனர், தார்ப்பாய், கயிறு எல்லாம் இதற்குள் அடக்கம்.

ஒரு நடை கூட போனால் டீசல் காசுதான் செலவு. மலை வளைவில் பிரேக் பிடிக்காமல் போனால் அந்த நஷ்டத்தை எந்த மார்க்கெட்டிலும் ஈடுகட்ட முடியாது. டிரைவர் தம்பிகளே, உஷார்!