மஞ்சள்னா மஞ்சள்தானே சார்?

''எந்தக் கம்பெனி டப்பாவா இருந்தா என்ன சார்... மஞ்சள்னா மஞ்சள்தானே!''

கடைக்காரர் இப்படிச் சொன்னால் உஷாராகிவிடுங்கள்!

வாடகை வீட்டைக் காலி செய்யப் போகிறீர்கள். ஹாலில் அடித்த ஆணி ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்தாயிற்று. ஓனர் பூசிய கம்பெனி பெயின்ட் பக்கத்துக் கடையில் இல்லை. வேறு கம்பெனியில் 'அதே' மஞ்சளை வாங்கி, ஓட்டை இருந்த இடத்தில் மட்டும் தடவுகிறீர்கள். ராத்திரி டியூப் லைட்டில் பிரமாதம். விடிந்து வெயில் விழுந்ததும் பார்த்தால்... சுவருக்கு நாலு இடத்தில் பிளாஸ்திரி போட்ட மாதிரி இருக்கிறது! அட்வான்ஸில் கை வைக்க ஓனருக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்குமா?

பேரை நம்பாதீங்க!

ஷேட் கார்டில் இருக்கிற பெயரும் நம்பரும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தச் சொத்து. ஒரு கார்டில் எலுமிச்சை என்று இருப்பது, இன்னொரு கார்டில் மாம்பழமாகவே பழுத்திருக்கும்.

பொது நம்பரே கிடையாதா? உண்டு. ஐ.எஸ். 5 என்ற இந்தியத் தரப் பட்டியலில் 309 கேனரி மஞ்சள், 355 லெமன் மஞ்சள், 356 கோல்டன் மஞ்சள். ஜெர்மனியில் 1927-ல் 40 நிறங்களோடு ஆரம்பித்த 'ரால்' பட்டியலில் 1003 என்றால் சிக்னல் மஞ்சள். ஆனால், இவையெல்லாம் பெரும்பாலும் எனாமல், இயந்திரம், குழாய் சமாசாரம். வீட்டுச் சுவர் எமல்ஷனுக்கு கம்பெனி கார்டுதான் வேதம்.

ஏன் இந்த வம்பு?

கடையில் மெஷின் என்ன செய்கிறது? 'பேஸ்' பெயின்ட்டில் சாயங்களைச் சொட்டுக் கணக்கில் விடுகிறது. பேஸில் இருக்கும் வெள்ளையின் அளவும், சாயத்தின் வீரியமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒருவர் ஃபார்முலாவை இன்னொருவர் டப்பாவில் போட்டால், பக்கத்து வீட்டு மாமியின் அளவு ஸ்பூனால் நம் வீட்டு சாம்பாருக்கு உப்புப் போட்ட கதைதான்!

அதிலும் மஞ்சள் பொல்லாதது. கறுப்பு துளி கூடினாலே பச்சைப் பக்கம் சாய்ந்துவிடும். முன்பு குரோம் மஞ்சள் இருந்தது. நன்றாக மூடும், ஆனால் அது ஈயம் கலந்த விஷம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2016-ல் விதி வந்து, 2017 நவம்பர் 1 முதல் அமலானது. நல்ல காரியம்! இப்போது பல மஞ்சள்களில் சேர்க்கும் சாயங்கள் பளிச்சென்று இருந்தாலும், அடியில் இருப்பதை லேசில் மறைக்காது. பட்டி மேல் ஒரு நிறம், பழைய சுவர் மேல் ஒரு நிறம் என்று தெரிவது அதனால்தான். முதலில் வெள்ளை பிரைமர். அப்புறம் இரண்டு கோட். சில சமயம் மூன்று.

கடையில் ஒத்துப்போன நிறம் வீட்டில் முறைத்துக்கொள்வதற்கு 'மெட்டாமெரிசம்' என்று பெயர். வேறு வேறு சாயத்தில் செய்த இரண்டு மஞ்சள்கள், ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிறவி. இன்னொரு வெளிச்சத்தில் பங்காளி!

சரி, என்னதான் செய்யறது?

* செல்போனில் போட்டோ எடுத்துக் காட்டாதீர்கள். கேமரா தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். சுவரிலிருந்தே தீப்பெட்டி சைஸுக்கு ஒரு சில்லு பெயர்த்து, தூசி துடைத்து எடுத்துப் போங்கள். காலண்டருக்குப் பின்னாலிருந்து வேண்டாம். அது சுவரின் இளமைப் பருவம்! உங்களுக்கு வேண்டியது இன்றைய வயசு.

* பெரிய கடைகளில் 'ஸ்பெக்ட்ரோ' என்ற கருவி சில்லைப் படித்து, நெருங்கிய ஃபார்முலா சொல்லும். 'டெல்டா ஈ' எவ்வளவு என்று கேளுங்கள். ஒன்றுக்குள் இருந்தால் சாதாரணக் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கஷ்டம்.

* பழையது மேட் என்றால் புதிதும் மேட்தான். பளபளப்பு மாறினாலே நிறம் மாறின மாதிரி தெரியும்.

* முதலில் சின்ன டப்பா. அட்டையில் பூசி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, காலை, மதியம், ராத்திரி மூன்று வேளையும் சுவரில் வைத்துப் பாருங்கள். ஈரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

* நடுச் சுவரில் ஒட்டுப் போடாதீர்கள். ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முழுச் சுவரையும் அடித்துவிடுங்கள். மூலையில் வெளிச்சமே மாறுவதால் சின்ன வித்தியாசம் அமுங்கிப் போகும். பத்துக்குப் பத்து சுவருக்கு இரண்டு கோட் அடிக்க ஒன்று, ஒன்றரை லிட்டர் ஆகும். அட்வான்ஸை நினைத்தால் இது லாபம்தான்!

* இரண்டு டப்பா வாங்கினால் ஒரே பக்கெட்டில் கொட்டிக் கலக்குங்கள். மூடியில் இருக்கும் ஷேட் நம்பர், பேஸ், பேட்ச் நம்பரைக் குறித்து வையுங்கள்.

கடைசியாக ஒன்று... காய்ந்த அட்டையை ஓனரிடம் பகல் வெளிச்சத்தில் காட்டி, ''இது ஓ.கே.வா சார்?'' என்று கேட்டுவிடுங்கள். அவர் வாயால் 'சரி' வந்த பிறகு பிரஷ்ஷைத் தொட்டால் போதும்!