நிலைய வாசலில் நகைக்கும் பெயர்ப் பலகைகள்

ஓர் ஊருக்குப் பெயரிட்டவர் யாரென்று பெரும்பாலும் நமக்குத் தெரிவதில்லை. ஆனால் கடைக்குப் பெயரிடுபவர் நம் கண்முன்னே இருக்கிறார். அவர் பக்தியுடையவரானால் இஷ்ட தெய்வத்தின் பெயரை வைக்கிறார். குடும்பப் பற்றுடையவரானால் மக்களின் பெயரை வைக்கிறார். சிரிக்கத் தெரிந்தவரானால், போவோர் ஒரு கணம் நின்று புன்னகைக்கும் பெயராகத் தேடி வைக்கிறார். ரயில் நிலையத்தை அடுத்த கடைகளுக்கு இந்த மூன்றாம் வகைப் பெயர் எவ்வாறு அமையும் என்பதை நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இக்கலை செழித்து வளர்ந்தது இங்கிலாந்தில். 1830-ஆம் ஆண்டில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. பிறகு நாடெங்கும் பாதைகள் பரவப் பரவ, நிலைய வாசல்களில் மதுவிடுதிகளும் எழுந்தன. 'ரயில்வே டாவர்ன்' என்பது போன்ற சாதாரணப் பெயர்களோடு, பிற்காலத்தில் வேடிக்கைப் பெயர்களும் சேர்ந்தன. லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்தில் பழைய பார்சல் அலுவலகம் இருந்த இடத்தில் 2012-இல் திறக்கப்பட்ட விடுதியின் பெயர் 'பார்சல் யார்டு'. வாட்டர்லூ நிலையத்தருகே, ரயில்பாதையைத் தாங்கும் வளைவுக்குள் அமைந்த விடுதிக்கோ 'சுவரிலுள்ள ஓட்டை' என்று பெயர்.

நியூகாசில் நகரில் நிலையத்தருகே அமைந்த 'ஹெட் ஆஃப் ஸ்டீம்' இன்னும் நயமானது. இஞ்சின் புறப்படுமுன் கொதிகலனில் திரளும் நீராவியின் வேகத்தை அத்தொடர் குறிக்கும். 'ஹெட்' என்ற சொல்லுக்கோ, பீர்க் கோப்பையின் மேல் நிற்கும் நுரை என்றும் ஒரு பொருளுண்டு. இதனை 'நீராவியின் தலை' என்று தமிழாக்கினால் வாசகர் அஞ்சி ஓடுவாரேயன்றி நகைக்க மாட்டார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் இதில் உறுதியாக இருக்கிறேன்: சிலேடையைப் பெயர்க்க இயலாது, அதனைப் புதிதாகப் படைக்கத்தான் வேண்டும். காளமேகப் புலவரை ஈன்ற மொழிக்கு அது அரிய காரியமன்று.

நம் நாட்டில் இதற்கு மிகவும் ஏற்ற இடம் ஒன்றுண்டு. சென்னையிலிருந்து வடக்கே கூடூருக்குச் செல்லும் பாதையில், தமிழ்நாட்டின் ஆரம்பாக்கத்தைக் கடந்ததும் வருவது ஆந்திரப் பிரதேசத்தின் தடா நிலையம். அதனருகே 2008-இல் தொடங்கப்பெற்றது ஸ்ரீ சிட்டி என்னும் தொழில் நகரம். முன்பு சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த அது, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்குகிறது. அங்குள்ள ஆல்ஸ்டம் தொழிற்சாலையில் மெட்ரோ ரயில் பெட்டிகள் உருவாகின்றன. சென்னையிலும் கொச்சியிலும் ஓடுவதோடு, கடல் கடந்து சிட்னி நகரிலும் அவை ஓடுகின்றன. 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது; பொன்னேரி, திருவள்ளூர் தாலுகாக்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. ஆகவே இவ்வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. இங்குத் தொங்கும் பெயர்ப் பலகை இரு மொழியினரையும் ஒருங்கே சிரிக்க வைக்க வேண்டும்.

அதற்குரிய பொதுச் சொற்களை ரயில்வேயே நமக்கு வழங்கியிருக்கிறது. 'அவுட்டர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். வண்டி ஊரை நெருங்கியும் நிலையத்துள் நுழைய அனுமதி கிடைக்காமல் காத்து நிற்கும் இடம் அது. ஊர்ப்புறத்து மதுவிடுதி ஒன்றுக்கு 'அவுட்டர்' என்று பெயரிட்டால், இல்லத்தரசி தொலைபேசியில் வினவும்போது, "அவுட்டரில் நிற்கிறேன்" என்று கணவர் உண்மையே உரைக்கலாம்! முதன்மைச் சாலையை விட்டு ஒதுங்கிய சந்திலுள்ள கடைக்கு 'லூப் லைன்' பொருந்தும். ஒரே படுக்கையை இருவர் பகிர்ந்து அமர்ந்து செல்லும் ஏற்பாடு ஆர்.ஏ.சி.; ஒரு காப்பியை இரு கோப்பைகளில் 'ஒன் பை டூ' என்று பகிர்ந்தளிக்கும் கடைக்கு இதனினும் நல்ல பெயர் கிடைக்குமோ? நிலையத்தின் பெயரே உதவுவதும் உண்டு. தமிழில் 'தடா' என்பது பெரிய பானை. ஆண்டாள் அழகருக்கு அக்கார அடிசிலை நூறு தடாக்களில் நேர்ந்துகொண்டதை நேயர்கள் அறிவார்கள். தடாவில் ஒரு பொங்கல் கடைக்கு 'நூறு தடா' என்று பெயரிட்டால், தெலுங்கர் ஊர்ப் பெயரைக் காண்பார். தமிழர் அடிசிலை மணப்பார்.

தமிழ்நாட்டில் மதுக்கடைகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. 2003 முதல் சில்லறை விற்பனையை அரசு நிறுவனமே நடத்துவதால், அக்கடைகளை எண்ணால் அறிகிறோமே தவிர, பெயரால் அன்று. உணவகங்களுக்கு அத்தகைய தடையில்லை. ஹைதராபாத்தில் பொம்மை ரயில் உணவைச் சுமந்து மேசைக்கு வரும் உணவகத்தின் பெயர் 'பிளாட்பாரம் 65'. அந்த எண்ணைக் கேட்டதும் சென்னையின் 'சிக்கன் 65' நினைவுக்கு வராத தமிழர் அரியர்.

நகைச்சுவைக்கும் ஓர் எல்லையுண்டு. திருப்பதிப் பக்கம் வரும் வண்டிகளுக்கு சப்தகிரி, வேங்கடாத்ரி, நாராயணாத்ரி என மலைகளின் திருநாமங்களைச் சூட்டியிருக்கிறார்கள். அவற்றை மதுவிடுதியின் பலகையில் ஏற்றுவது பலர் மனத்தைப் புண்படுத்தும். 'தடம் புரண்டவர்' என்ற பெயர் குடிப்போரைக் குறித்து எவருக்கும் எளிதில் தோன்றக்கூடியது. முதலில் கேட்கச் சிரிப்பும் வரும். ஆனால் 2023 ஜூன் 2-ஆம் நாள் ஒடிசாவில் பாலசோர் அருகே, சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு வண்டி விபத்துக்குள்ளானபோது 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். தடாவின் வழியாகவே செல்லும் வண்டி அது. பிழைப்புத் தேடி வெளிமாநிலங்களுக்குச் செல்லும் எளியோர் பலர் அதில் பயணம் செய்பவர்கள். அவர்களுடைய உற்றார் நடக்கும் தெருவில் அந்தப் பெயர் வேடிக்கையாக இராது. பயணியோடு சேர்ந்து நகைப்பதே நல்ல பெயர்; பயணியின் துயரைக் கண்டு நகைப்பது பெயராகாது.

பம்பாய் மாட்டுங்காவிலோ, டில்லி கரோல் பாக்கிலோ, வேறு எந்த ஊரிலோ வாழும் தமிழ் அன்பர்களுக்கு இந்தப் பயிற்சி எளிதில் கைகூடும். வீட்டில் ஒரு மொழியும் வீதியில் ஒரு மொழியும் வழங்குவதால், ஒரு சொல் இரண்டு மொழிகளிலும் எப்படி ஒலிக்கிறது என்பதை அவர்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். அடுத்த முறை வண்டி தாமதமாகும்போது, ஒலிபெருக்கியின் அறிவிப்பைக் கோபமின்றிச் செவிமடுங்கள். எதிரிலுள்ள தேநீர்க் கடைக்கு ஏற்ற பெயர் ஒன்று அதிலேயே அகப்படலாம்.