ஒரகடத்தில் பிறந்த டட்சன்

“அண்ணே, பழைய ரெடி-கோ ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. ஆனா கம்பெனியவே மூடிட்டாங்கன்னு சொல்றாங்களே, வாங்கலாமா?”

முடிச்சூர் சாலை டீக்கடையில் எங்கள் தெருத் தம்பி கேட்டது இது. வாங்கு, வாங்காதே என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சேர்த்த காசு முழுவதையும் முதல் காரில் போடப்போகிறவருக்கு அப்படிச் சொல்வது நியாயமாகப் படவில்லை. அந்த வண்டி எங்கிருந்து வந்தது, ஏன் நின்றது, இனி அதற்கு யார் பொறுப்பு என்று தெரிந்தால் முடிவை அவரே எடுத்துக்கொள்வார். இரண்டாவது டீயும் சொல்லிவிட்டு அவரிடம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மூடப்பட்டது கம்பெனி அல்ல. டட்சன் என்பது நிசான் நிறுவனம் தன் விலை குறைந்த கார்களுக்கு வைத்த பெயர். இந்தோனேசியாவிலும் ரஷ்யாவிலும் அந்தப் பெயரை 2020இலேயே நிறுத்திவிட்டார்கள். இங்கே 2022 ஏப்ரலில் ரெடி-கோவின் உற்பத்தி நின்றதோடு இந்தியாவிலும் அது முடிந்தது. காரைச் செய்த தொழிற்சாலை இன்றும் ஓடுகிறது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், மண்ணிவாக்கம், படப்பை தாண்டிப் போனால் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் வரும் ஒரகடத்தில்தான் அது இருக்கிறது.

டட்சனுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1911இல் டோக்கியோவில் மசுஜிரோ ஹஷிமோட்டோ என்ற பொறியாளர் ஒரு கார் நிறுவனம் தொடங்கினார். பணம் போட்டு அவருக்குத் துணைநின்ற டென், அவோயாமா, டகேயுச்சி மூவரின் பெயர்களுடைய முதலெழுத்துகளைச் சேர்த்து, 1914இல் வந்த காருக்கு ‘டாட்’ என்று பெயர் வைத்தார். பிறகு 1930 வாக்கில், 500 சிசிக்கு உட்பட்ட சிறு கார்களை உரிமம் இல்லாமலே ஓட்டலாம் என்று ஜப்பானில் விதி வந்தது. அந்த விதியைக் கணக்கில் வைத்துச் செய்த குட்டிக் கார்தான் டட்சன். பெரிய கார் வாங்க முடியாதவருக்கும் ஒரு கார் என்ற எண்ணத்தோடுதான் அது பிறந்தது. 1934இல் தாய் நிறுவனம் நிசான் ஆனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டட்சன் உலகம் சுற்றியது. இலங்கையில் ஒரு தலைமுறைக்கே கார் என்றால் நினைவுக்கு வருபவற்றில் டட்சன் சன்னியும் ஒன்று. எல்லாக் கார்களும் நிசான் என்ற ஒரே பெயரில் இருக்கட்டும் என்று 1981இல் முடிவெடுத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் டட்சன் பெயர் மறைந்தது.

நம்மவர்களுக்கு நிசான் ஒரகடத்துக்கு வரும் முன்பே பழக்கம், பெயர் தெரியாமலே பழக்கம். ராணுவத்தில் ஓடிய ஜோங்கா, நிசான் பேட்ரோலின் வடிவத்தை வைத்து ஜபல்பூரில் செய்தது. 1980களில் பிரீமியர் நிறுவனம் கொண்டுவந்த 118 என்.இ. காரின் கூடு ஃபியட்டுடையது, எஞ்சின் நிசானுடையது. அம்பாசடரும் பத்மினியும் நிறைந்திருந்த சாலையில் அந்த எஞ்சினின் சத்தம் எவ்வளவு சீராக இருந்தது என்று பழைய மெக்கானிக்குகள் இன்றும் சொல்வார்கள்.

நிசானும் பிரான்சின் ரெனால்டும் சேர்ந்து தமிழ்நாட்டு அரசுடன் ஒப்பந்தம் போட்டது 2008இல். 2010 மார்ச்சில் ஒரகடம் ஆலை திறக்கப்பட்டது. முதலீடு 4,500 கோடி ரூபாய், ஆண்டுக்கு 4 லட்சம் கார் செய்யும் அளவுக்குத் திட்டம். அந்த ஜூலையிலேயே மைக்ரா விற்பனைக்கு வந்துவிட்டது. அதுவரை பிரிட்டனில் ஓடிய மைக்ரா அங்கேயே சண்டர்லாண்டில் தயாரானது. புதிய மைக்ராவோ ஒரகடத்தில் தயாராகி, எண்ணூர் துறைமுகத்தில் கப்பலேறி அங்கே போனது. 2022இல் இந்த ஆலையின் நிசான் ஏற்றுமதி 10 லட்சத்தைத் தாண்டியது. படப்பை பக்கம் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளை போல்ட் முறுக்கிய கார் லண்டன் தெருவில் ஓடியிருக்கிறது. ஒரகடம் என்றதும் ரியல் எஸ்டேட் போர்டுகளைப் பற்றி மட்டும் பேசுகிறோம். இதையும் சேர்த்துப் பேசவேண்டும் என்பது என் ஆசை.

இப்படி உலகத்தரத்தில் கார் செய்த அதே ஆலையில்தான் டட்சன் திரும்பப் பிறந்தது. நிசானின் அன்றைய தலைவர் கார்லோஸ் கோஸ்ன், முதல்முறை கார் வாங்கும் நாடுகளுக்கென்று அந்தப் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்தார். 2014 மார்ச்சில் டட்சன் கோ வந்தது, ஆரம்ப விலை 3.12 லட்சம் ரூபாய். மைக்ராவின் 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் எஞ்சின் அதில் இருந்தது. உடம்பு எடை 800 கிலோவுக்கும் கீழே. அந்த எடைக்கு அந்த எஞ்சின் தாராளம். ஜி.எஸ்.டி. சாலையில் கோ ஓட்டியவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது அதன் சுறுசுறுப்பைத்தான்.

எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்றால், மற்ற எல்லா இடத்திலும். பாட்டுப் பெட்டிக்குப் பதில் செல்போனைச் செருகும் ஒரு தாங்கி. கைப்பிரேக் டேஷ்போர்டுக்கு அடியில். ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் இல்லை. இதில் முதல் இரண்டும் பெரிய விஷயமில்லை. கடைசி இரண்டும் பெரிய விஷயம்.

2014 நவம்பரில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு கோ காரை மோதவிட்டுப் பார்த்தது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், காரின் முன்பக்கத்தில் ஓட்டுநர் இருக்கும் பக்கமாக நாற்பது விழுக்காடு மட்டும் தடுப்பில் இடிக்கும்படி விடுவார்கள். எதிரே வரும் வண்டியோடு பாதி உரசி மோதும் விபத்துக்கு இது ஈடு. கோ வாங்கியது பூஜ்ய நட்சத்திரம். பலர் இதை ஏர்பேக் இல்லாததால் வந்த பூஜ்யம் என்று நினைத்துக்கொண்டார்கள். அது முழு உண்மையில்லை. மோதலில் கூடே உறுதியாக நிற்கவில்லை, அதனால் ஏர்பேக் வைத்தாலும் பெரிய பயன் இருக்காது என்பதுதான் அவர்கள் சொன்னது. அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லி, காரைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறும்படி கோஸ்னுக்குக் கடிதமே எழுதினார். இந்தியச் சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்றது நிசான். அதுவும் உண்மைதான். அன்று இங்கே மோதல் சோதனையைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும் எல்லாக் கார்களுக்கும் 2019 அக்டோபரிலும்தான் அது வந்தது. சட்டம் கேட்காத வரை உயிருக்குச் செலவழிக்க மாட்டோம் என்ற போக்கை என்னால் ஏற்க முடியவில்லை. அதே கூரைக்கடியில் ஐரோப்பாவுக்குப் போகும் மைக்ரா தயாராகிக்கொண்டிருந்தபோது இன்னும் ஏற்க முடியவில்லை.

தம்பி பார்த்த ரெடி-கோ 2016 ஜூனில் வந்தது, 2.38 லட்சத்தில். இதன் அடித்தளமும் 799 சிசி எஞ்சினும் ரெனால்ட் க்விட்டுடையவை. க்விட் 2015 செப்டம்பரிலேயே வந்துவிட்டது, அதுவும் இதே ஒரகடம் ஆலையிலிருந்து. ஒரே ஆலை, ஒரே அடித்தளம், ஒரே எஞ்சின். ஆனால் க்விட் தெருவுக்குத் தெரு நின்றது, ரெடி-கோ அங்கொன்றும் இங்கொன்றுமாக. பாதுகாப்பு குறைந்ததால் மக்கள் ஒதுக்கினார்கள் என்று சொல்லவும் வழியில்லை, க்விட்டும் முதல் சோதனையில் பூஜ்யம்தான் வாங்கியது. பின் ஏன்? க்விட் குட்டி எஸ்.யூ.வி. போல நிமிர்ந்து நின்றது, உள்ளே தொடுதிரை இருந்தது. அதை வாங்கியவர், மலிவான கார் வாங்கினேன் என்று யாரிடமும் சொல்லவேண்டியிருக்கவில்லை. டட்சனுக்கோ பெயரே மலிவு என்றாகிவிட்டது. பத்து ஆண்டு சீட்டுக் கட்டி முதல் கார் எடுக்கிற குடும்பம், அதன் முன் மாலையும் எலுமிச்சம்பழமும் வைத்துப் போட்டோ எடுக்கிற குடும்பம், விலையை மட்டும் பார்ப்பதில்லை.

இன்னொரு காரணம் சர்வீஸ். நிசான் இந்தியாவுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் விற்பனையை ஹோவர் ஆட்டோமோட்டிவ் என்ற வேறொரு நிறுவனத்தின் கையில் கொடுத்திருந்தது. 2014இல்தான் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டு தானே நேரடியாக இறங்கியது. தாலுகாவுக்குத் தாலுகா மாருதி கடை இருக்கும் நாட்டில் இந்தத் தாமதம் பெரிய தாமதம்.

வைத்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? பெருங்களத்தூர், சேலையூர், மேடவாக்கம் பக்கம் விசாரித்தால் பேச்சு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஸ்டீரிங்கும் கிளட்ச்சும் லேசு, சந்துக்குள் திருப்புவது சுலபம், உயரமான இருக்கை என்பதால் வயதானவர்கள் குனியாமல் ஏறி இறங்கலாம், மைலேஜுக்குக் குறையில்லை. மறுபக்கம், சிக்னலில் நிற்கும்போது மூன்று சிலிண்டர் எஞ்சினின் அதிர்வு ஸ்டீரிங்கில் தெரியும். தகரம் மெல்லிசு, சாலைச் சத்தம் உள்ளே வரும். 800 சிசி வண்டியில் நான்கு பேரும் ஏசியும் சேர்ந்து மேம்பாலம் ஏறினால் கியரைக் குறைத்தே ஆகவேண்டும். தம்பி தினமும் ஒரகடம் வரை போய்வருபவர். அவருக்கு 800ஐ விட, 2017இல் வந்த 1 லிட்டர் ரெடி-கோவோ 1.2 லிட்டர் கோவோதான் பொருந்தும்.

இனி அவர் உண்மையாகப் பயந்த விஷயம், ஸ்பேர் பார்ட்ஸ். நிறுத்தியபோதே, இருக்கும் வண்டிகளுக்கு சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று நிசான் சொன்னது. அது காகிதத்தில். பட்டறையில் இதை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். எஞ்சின், கிளட்ச், பிரேக் சம்பந்தப்பட்ட தேய்மானச் சாமான்கள் ஒரு வகை. கோவின் எஞ்சின் மைக்ராவுடையது, ரெடி-கோவின் எஞ்சின் க்விட்டுடையது. க்விட் ஓடும்வரை அதன் எஞ்சின் சாமான்களுக்குச் சந்தை இருக்கும், டட்சன் பெயர் போனாலும் வெளிக் கம்பெனிகள் அவற்றைச் செய்துகொண்டிருக்கும். இந்த வகையில் பயமில்லை. டட்சனுக்கென்றே அச்சு வார்த்த உடம்புச் சாமான்கள் இன்னொரு வகை: ஹெட்லைட், பின் விளக்கு, பம்பர், பானெட், கதவு, முன் கண்ணாடி. இவற்றை வேறெந்தக் காரிலிருந்தும் எடுத்து மாட்ட முடியாது. கம்பெனி இருப்பு குறையக் குறைய விலை ஏறும், காத்திருக்கும் நாளும் ஏறும். பிறகு புதுப்பேட்டையில் கழற்றிய சாமான் தேடவேண்டியிருக்கும். ஆகவே எஞ்சின் சத்தத்தைக் கேட்கும் முன் வண்டியின் முகத்தைப் பார்க்கவேண்டும். விளக்குகளில் விரிசல் இல்லாத, டிங்கரிங் பார்க்காத வண்டிக்குக் கூடுதலாக இருபதாயிரம் கொடுத்தாலும் தகும். காப்பீட்டையும் மூன்றாம் நபர் மட்டும் என்று சுருக்காமல் முழுக் காப்பீடாக எடுப்பது நல்லது. சின்ன இடிதான் இந்த வண்டிக்குப் பெரிய செலவு.

நம் ஊரில் பழைய கார் வாங்குகிறவர் இன்னொன்றும் பார்க்கவேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. 2023 மிக்ஜாம் புயலிலும் புறநகரின் பல இடங்களில் கார்கள் தண்ணீரில் நின்றன. வெள்ளத்தில் நின்ற காரைக் கழுவி மெருகேற்றி விற்பது எளிது. ஆனால் மறைக்க முடியாத இடங்கள் சில உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள், அடிப்பகுதியில் சேற்றுக் கறைக் கோடு இருக்கிறதா என்று தெரியும். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட் தண்டவாளத்திலும் ஸ்டெப்னி குழியிலும் துருவைத் தேடுங்கள். டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் அந்த வண்டி வேண்டாம், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

எந்த வருடத்து வண்டி? 2018 அக்டோபரில் வந்த புதுப்பித்த கோ காரில் இரண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உண்டு. அதற்கு முந்தைய கோ காரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரெடி-கோ 2019 சோதனையில் ஒரு நட்சத்திரம் வாங்கியது. ஓட்டுநர் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் உள்ள பிந்தைய வண்டியாகப் பார்த்து எடுத்தாலும், நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு 100க்கு மேல் விரட்டுவதற்கான கார் இல்லை அது. அதை மனதில் எழுதிக்கொண்டு வாங்கலாம். 2016இல் வந்த ஆரம்ப 800 சிசி வண்டியென்றால், அந்த அக்டோபரில் பெட்ரோல் குழாயின் கிளிப்பைச் சரிபார்க்க கம்பெனியே திரும்ப அழைத்தது. அந்த வேலை முடிந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

“ஆலையே ரெனால்ட்டுக்குப் போயிடுச்சாமே?” என்றார் தம்பி. ஆமாம், நிசான் தன் பங்கை ரெனால்ட்டுக்கு விற்பதாக 2025 மார்ச்சில் அறிவித்து, அந்த ஆண்டே கைமாற்றியது. ஆனால் நிசான் மேக்னைட் இப்போதும் அதே ஆலையிலிருந்துதான் வருகிறது. நிசான் ஷோரூம் இருக்கும்வரை டட்சன் வைத்திருப்பவருக்குப் போய்க் கேட்க ஒரு கதவு இருக்கிறது. அதனால் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கச் சொன்னேன். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் சேஸிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு நிசான் சர்வீஸ் சென்டருக்குப் போய், அந்த எண்ணுக்கு இதுவரை என்ன வேலை நடந்திருக்கிறது, இன்றைக்கு ஒரு ஹெட்லைட் கேட்டால் என்ன விலை, எத்தனை நாளில் வரும் என்று கேட்கவேண்டும். இந்தக் கேள்விகளுக்குத் தெளிவான பதில் வந்தால் தன் மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு போய் வண்டியைப் பார்க்கட்டும்.